முதல் பந்தி

"உங்க வீட்டம்மாவை வாயைக் கட்டச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சொன்னது அக்காவின் கணவரிடம். ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு மாதமாக ஆறாத புண்ணோடு இடது காலை நீட்டியிருந்தவள் அக்கா. டாக்டரோ அவள் தலைக்கு மேலாகக் கதவோரம் நின்ற மனிதரைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார். சர்க்கரை வியாதியாம். அரிசியைக் குறைக்க வேண்டும். இனிப்பும் கிழங்கும் கூடாது. தினமும் நடக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். "இவ்வளவு உடம்பு போடற வரைக்கும் நீங்க ஒண்ணும் சொல்லலையா சார்?"

கணவர் தப்புச் செய்தவர் மாதிரித் தலையாட்டினார்.

"வாயி என்னுது டாக்டரு. என்னாண்ட சொல்லுங்க" என்றாள் அக்கா. "நான் இன்னா துன்றேன்னு அவருக்கு இன்னா தெரியும்? அவரு துன்னுட்டுக் கை கழுவிகினு போனப்புறம்தான் நான் தட்டே எடுக்கறேன்."

டாக்டர் சிரித்தார். மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வதற்காக, அவள் வீட்டில் குடியிருந்த என்னை அக்கா கூட்டி வந்திருந்தாள். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இது சாவுக்கதை இல்லை. அவளுக்காக யாரும் உச்சுக் கொட்ட வேண்டாம். கோபப்படுங்கள், போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தெட்டில் நானும் என் கணவரும் அஸ்தினாபுரத்தில் அவர்கள் வீட்டுப் பக்கவாட்டுப் போர்ஷனில் குடியேறினோம். நான் பல்லாவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சர். அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். ஏர் ஓட்டிய நிலத்தை மனை மனையாக விற்று மாடி கட்டியவர்கள். வீட்டில் ஒன்பது பேர். அக்கா மூத்த மருமகள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயதிருக்கும்.

அவளுக்குக் குரலைத் தாழ்த்திப் பேச வராது. சந்தோஷமோ சண்டையோ ஒரே குரல்தான். கிணற்றடியில் அவள் பேசினால் தெருக்கோடி டீக்கடையில் பதில் சொல்வார்கள். ரகசியம் சொல்லும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள், ஆனால் குரல் மட்டும் குறையாது. "பொம்பளைக்கு இன்னாத்துக்கு இந்தத் தொண்டை" என்று மாமியார் வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பாள். "சாமி குடுத்ததும்மா. வேணாம்னா திருப்பி வாங்கிக்கச் சொல்லு" என்பாள் அக்கா.

அவள் சாப்பிட்ட சாப்பாட்டை இரண்டு வருஷம் என் பின்கட்டு வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். காலையில் எழுந்ததிலிருந்து சர்க்கரை போட்ட காபி, மூன்று தடவை. ஒரு மணிக்கு ஆண்கள் உட்காருவார்கள். பிறகு பிள்ளைகள், பிறகு மாமியார், பிறகு சின்ன மருமகள். அக்கா உட்காரும்போது நாலு மணி ஆகியிருக்கும். பானையின் அடியில் எவ்வளவு சோறு இருக்கிறதோ அவ்வளவும் அவளுக்கு. குழம்பு தீர்ந்து, மிளகாயும் கறிவேப்பிலையும் மட்டும் கிடக்கும். பிள்ளைகள் கடித்துப் போட்ட வடையை, கொட்ட மனசில்லாமல் அவளே தின்பாள். ராத்திரியும் இதே கதை. பத்து மணி நேரப் பட்டினி, அதன்மேல் ஒரு குன்று சோறு. இவளைத்தான் வாயைக் கட்டச் சொன்னார்கள்!

சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்க அந்தக் காலத்தில் ஒரு வழி இருந்தது. நீல மருந்தில் எட்டுச் சொட்டுச் சிறுநீரை விட்டுக் காய்ச்ச வேண்டும். நிறம் மாறாவிட்டால் நல்லது. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது, மஞ்சளானால் அதிகம், செங்கல் நிறமானால் ஆபத்து. ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்டு, பள்ளிக்கூட லேபிலிருந்து ஒரு டெஸ்ட் ட்யூபும் ஸ்பிரிட் விளக்கும் கொண்டுவந்தேன். அக்கா புடவைத் தலைப்புக்குள் ஒரு சின்ன பாட்டிலை மறைத்துக்கொண்டு என் பின்கட்டுக்கு வந்தாள்.

முதல் நாளே செங்கல் நிறம்.

அவள் குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "இத்தினி வருசம் அல்லாருக்கும் போட்டுட்டு மீந்ததைத் துன்னேனே, அதுவா டீச்சர் இது?"

ஆமாம் என்றேன்.

"சரி. இனிமே மீந்தது எனக்கு வேணாம்."

அப்படித்தான் அது தொடங்கியது. இந்த நாளில் உடம்பை இளைக்க வைப்பதற்கு ஊரே கைதட்டுகிறது. ஷூவும் தண்ணீர் பாட்டிலுமாகப் பெண்கள் நடக்கிறார்கள், அவர்கள் நன்றாக இருக்கட்டும். அக்காவுக்கு யாரும் கைதட்டவில்லை.

முதலில் கேழ்வரகு. அவள் தனக்கென்று ஒரு சின்ன சட்டியில் களி கிண்டிக் கீரையோடு சாப்பிட ஆரம்பித்தாள். மாமியாருக்கு அது பொறுக்கவில்லை.

"கூழு குடிச்ச காலம் போயி இப்பத்தான் ஊர்ல நாலு பேரு மதிக்கிறாங்கோ. மூத்த மருமவ கேவுரு கிண்டறான்னு தெரிஞ்சா, நெலம் வித்தவங்க வூட்ல அரிசிக்கு வழியில்லன்னு பேச மாட்டாங்களா?"

"பேசறவன் கால்ல இந்தப் புண்ணு வந்தா, அப்பறம் பேசட்டும்" என்றாள் அக்கா. அது மூன்று வீடு தள்ளிக் கேட்டிருக்கும்.

யாராவது மஞ்சள் குங்குமத்துக்குக் கூப்பிட்டுப் போனால் இன்னொரு ரகளை. அன்பாம்! கன்னத்தைப் பிடித்து லட்டை வாயில் திணிப்பார்கள். "ஒண்ணே ஒண்ணு, எனக்காக." அக்கா ஒருமுறை வாயிலிருந்து அதை எடுத்துத் திணித்தவள் உள்ளங்கையிலேயே வைத்துவிட்டாள். அந்த வீட்டோடு இரண்டு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. நானும் யோக்கியம் இல்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்கு சர்க்கரை போட்டுப் பிசைந்து பொரித்த கல்கலாவை ஒரு தட்டு நிறைய எடுத்துப் போய், "ஒண்ணுல என்ன ஆயிடப் போகுது அக்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். "காச்சிப் பாத்ததே நீதானே டீச்சர்?" தட்டை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு நடை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கினாள். விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பி ஏரிக்கரை வழியாகக் குரோம்பேட்டை ஸ்டேஷன் கேட்டு வரை போய்த் திரும்புவாள். தனியாகத்தான் போவாள். முதல் ரயிலுக்குப் போகிற ஆண்கள் டிபன் கேரியரோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். டீக்கடையில் ஒருவன் கேட்டானாம், "இன்னா அண்ணி, எந்த வண்டியப் புடிக்க இந்த ஓட்டம்?"

"சக்கரை வியாதி. நடக்கச் சொல்லிகிறாரு டாக்டரு. உனுக்கு இன்னா வியாதி, காலங்காத்தால குந்திகினே கீற?"

அவன் பிறகு வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஊர் வாயை மூட முடியுமா? விடியற்காலையில் ஒருத்தி போகிறாள் என்றால் ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் நிச்சயம் அவள் கால் புண்ணாக இருக்காது. கிறிஸ்துவ டீச்சரோடு சேர்ந்து சர்ச்சுக்குப் போகிறாள், ஞானஸ்நானம் வாங்கப் போகிறாள் என்றார்கள். நான் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பேன் என்று சொன்னால் யார் நம்பினார்கள்?

அவளுடைய கொழுந்தன் மனை வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற ஆசையும் அவருக்கு இருந்தது. "நான் நாலு பேரு முன்னால ஓட்டு கேக்கப் போறேன். அண்ணி ரோட்ல செருப்பு போட்டுகினு ஓடினா எனக்கு இன்னா மரியாதை?" என்று கூடத்தில் கத்தினார். மறுநாளிலிருந்து முன்கேட்டில் பூட்டுத் தொங்கியது. சாவி அவர் இடுப்பில். கேட்டைத் திறக்க மணி எட்டாகும். அதற்குள் அக்கா அடுப்படியில் மாட்டிக்கொள்வாள்.

எங்கள் போர்ஷனுக்கு இரண்டு கதவு. ஒன்று அவர்கள் முற்றத்துக்கு, இன்னொன்று பக்கத்துச் சந்துக்கு. அக்கா முற்றத்துக் கதவைத் தட்டினாள். நான் திறந்தேன். எங்கள் சமையலறை வழியாக நடந்து சந்தில் இறங்கிப் போனாள். நாலு நாள் இப்படி நடந்தது. ஐந்தாம் நாள் கொழுந்தன் என் கணவரைக் கூப்பிட்டு, "வீடு எங்களுக்கே தேவைப்படுது சார், வேற எடம் பாத்துக்குங்க" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்த நாள் காலை அக்கா தட்டியபோது நான் எழுந்திருக்கவில்லை. என் கணவர் என் கையைப் பிடித்து "வேண்டாம்" என்றார். அவர் பிடித்திருக்க வேண்டியதே இல்லை. நானே அசையவில்லை. போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். இரண்டாம் நாளும் அப்படியே. நான், லேபில் பார்த்ததை மறைக்காமல் எழுதுங்கள் என்று மாணவிகளுக்குச் சொல்கிறவள்! மற்றவர்கள் மேல் எனக்கிருக்கிற கோபத்தை விட அந்த இரண்டு நாளுக்காக என் மேல் எனக்கிருக்கிற கோபம் பெரியது.

மூன்றாம் நாள் அவள் தட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்று பேசினாள், அந்தக் குரலில்.

"டீச்சர், நீ பயப்படறது எனக்குத் தெரியும். பயப்படு, தப்பில்ல. ஆனா தூங்கற மாதிரி நடிக்காத. அதுதான் எனக்குப் பேஜாரா கீது."

மாடி வரை எல்லாருக்கும் கேட்டிருக்கும். எழுந்து போய்க் கதவைத் திறந்தேன். அவள் என்னைத் திட்டவில்லை. "நேரமாச்சி" என்று மட்டும் சொல்லிச் சந்துக் கதவைத் தாண்டிப் போனாள். அன்று சாயங்காலம் முற்றத்தில் கொழுந்தனிடம் அவள் சொன்னதும் எல்லாருக்கும் கேட்டது. "அந்த வாசல் வழியாப் போனது நானு. காலி பண்ணணும்னா என்னைப் பண்ணு." காலி செய்யச் சொன்ன பேச்சு அதோடு நின்றது. பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது.

இதற்கெல்லாம் அவள் கணவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். எதுவும் சொல்லவில்லை. நல்ல மனிதர். அடிக்க மாட்டார், குடிக்க மாட்டார், அதட்ட மாட்டார். யாராவது அவள் மேல் பாயும்போது பேப்பரில் அடுத்த பக்கத்தைத் திருப்புவார். இந்த மாதிரி நல்லவர்களை ஊர் எவ்வளவு மெச்சுகிறது!

மாமனாரின் திதி ஒரு சனிக்கிழமை வந்தது. படையல் போட்டுக் கற்பூரம் காட்டுகிற வரை வீட்டில் யாரும் வாயில் எதையும் போடக் கூடாது. அக்கா காலை மாத்திரையை விழுங்கிவிட்டு அடுப்படிக்குப் போயிருக்கிறாள். பன்னிரண்டு மணிக்குப் படைத்திருக்க வேண்டும். திருமுடிவாக்கத்திலிருந்து மாமனாரின் தம்பி வர வேண்டுமாம். பஸ் கிடைக்கவில்லையோ என்னவோ, ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. ஆண்கள் கூடத்தில் விசிறிக்கொண்டு நில விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரைக்குச் சின்ன மருமகள் ஓடிவந்தாள். "டீச்சர், அக்கா வியுந்துட்டாங்க!"

அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தாள். உடம்பெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. என்னைப் பார்த்தாள், ஆனால் யாரென்று தெரியவில்லை. சுற்றிலும் வடை, அப்பளம், பாயசம், நாலு பொரியல், இரண்டு குழம்பு. அவ்வளவு சமையலுக்கும் நடுவில், சமைத்தவள் பசியில் விழுந்து கிடந்தாள்.

மாத்திரை போட்டுச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும், உடனே இனிப்புக் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கைக்குப் பக்கத்தில் இருந்தது பாயசம். கரண்டியை விட்டேன்.

"அய்யோ, படைக்கறதுக்கு முந்தி எச்சப் பண்ணாதே!" என்று மாமியார் அலறினாள்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பெரியவரைப் பார்த்து, "வாயை மூடுங்கம்மா!" என்று கத்தினேன். அக்காவின் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "விழுங்குங்க அக்கா, விழுங்குங்க" என்று கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். விழுங்கினாள். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. கூடத்திலிருந்து ஒரு குரல் வந்தது, அவள் கணவருடையது. "இன்னா சத்தம்? சித்தப்பா வந்துட்டாரா?"

மூன்று மணிக்குச் சித்தப்பா வந்தார். எச்சில் பட்ட பாயசத்தைக் கொட்டிவிட்டு வேறு பாயசம் வைக்க வேண்டியிருந்தது. வைத்தது யார் தெரியுமா? அக்கா. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று கிண்டினாள். நான் பார்த்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து முற்றத்துக் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கூடத்துக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. அக்கா தட்டோடு அடுப்படியிலிருந்து வந்தாள். ஆண்கள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில், கூடத்துக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"இன்னாடி இது? ஆம்பளைங்க இன்னும் உக்காரல" என்றாள் மாமியார்.

"உக்காரட்டுமே. எடம் கீது."

"அண்ணி, இது நல்லால்ல. அண்ணன் இன்னும் சாப்புடல" என்றார் கொழுந்தன்.

"உங்க அண்ணனுக்குப் பசிச்சா வந்து உக்காருவாரு. எனக்கு மணி ஆச்சி. நேத்தி நான் செத்திருப்பேன். பாயசம் கெட்டுப் போச்சின்னுதானே அல்லாரும் அழுதீங்கோ?"

பேப்பர் திரும்புகிற சத்தம் கேட்டது.

இரண்டு கைப்பிடிச் சோறு, தட்டின் பாதிக்குக் கீரை, பாகற்காய், மோர். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க அவள் சாப்பிட்டாள். முழுசாகச் சாப்பிட்டு, கை கழுவி, பிறகு ஆண்களுக்கு இலை போட்டாள். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னாள்: "தொண்டையில எறங்கல டீச்சர். மண்ணு மாதிரி இருந்திச்சி. ஆனா முழுங்கிட்டேன்."

மாமியார் இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் வந்து புத்தி சொன்னார்கள். அக்கா பன்னிரண்டு மணிக்கு உட்கார்ந்தாள். காலையில் ஏழரைக்கும் சாயங்காலம் ஏழரைக்கும் உட்கார்ந்தாள். விருந்தாளி வந்த நாளிலும் தீபாவளியன்றும் உட்கார்ந்தாள். ஆறு மாதத்தில் குழாயில் பச்சை தெரிந்தது, பிறகு நீலம் அப்படியே நின்றது. கால் புண் ஆறியது. ரவிக்கைகளையெல்லாம் பிடித்துத் தைத்துக்கொண்டாள். "பாவம், துரும்பா இளைச்சிட்டா. வூட்ல சரியா சோறு போடறதில்ல போலகீது" என்றது ஊர். அவள் நாலு மணிக்குச் சாப்பிட்ட வருஷங்களில் இந்த இரக்கத்தை எங்கே வைத்திருந்தார்கள்?

எழுபத்து மூன்றாம் வருஷம் அவள் கணவருக்கும் சர்க்கரை வந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் நடந்ததை என்னால் நம்ப முடியவில்லை. கேழ்வரகு ஒரே நாளில் டாக்டர் சொன்ன ஆகாரம் ஆகிவிட்டது. மாமியாரே முன்னால் நின்று மாவு அரைக்க அனுப்பினாள். நேரத்துக்குச் சாப்பிடணும்பா என்று பிள்ளையின் பின்னாலேயே திரிந்தாள். கொழுந்தன் அண்ணனுக்குக் கேன்வாஸ் ஷூ வாங்கி வந்தார். விடிகாலை ஐந்தரைக்குக் கேட்டைத் திறந்து வைத்தார்கள். டீக்கடைக்காரர்கள், "சாரு வாக்கிங்கா? நல்லது சார்" என்று எழுந்து நின்றார்கள். என் பின்கட்டில் விறகுக்குப் பின்னால் இத்தனை வருஷம் ஒளிந்திருந்த டெஸ்ட் ட்யூப் அவருக்காகக் கூடத்து அலமாரியில் பளபளவென்று ஏறி உட்கார்ந்தது.

நான் அக்காவைப் பிடித்துக்கொண்டேன். "உங்களுக்கு எரியலையா அக்கா?"

"எரியாம? அடிவயித்துல எரியுது" என்றாள். "அந்த ஷூவப் பாத்தப்ப தூக்கிக் கெணத்துல போடலாம்னு தோணிச்சி. ஆனா அவரு கால்ல புண்ணு வரணும்னு நெனைக்க முடியுமா? நல்லா இருக்கட்டும். அதுக்காக நான் உட்டுக் குடுக்கறதுன்னு இல்ல."

அடுத்த வருஷம் மேற்குத் தாம்பரத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு அமைந்தது. சாமான் ஏற்றிய வண்டியை முன்னால் அனுப்பிவிட்டு, சொல்லிக்கொண்டு போக முற்றத்துக் கதவு வழியாக உள்ளே போனேன். மணி காலை ஏழரை இருக்கும். அக்கா கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் அவள் கணவர் நடந்துவிட்டு வந்த வியர்வையோடு வெறும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். மாத்திரை போட்டாகிவிட்டதாம்.

"பசிக்குது" என்றார் அவர், மெதுவாக.

"அடுப்படியில களி கீது, பக்கத்துலயே கீரை கீது. எழுந்து போய் எடுத்துக்கோ" என்றாள் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "குந்து டீச்சர், துன்னுட்டு வந்துடறேன்" என்றாள்.

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். மாமியார் குளித்துக்கொண்டிருந்தாள், சின்ன மருமகள் அங்கே இல்லை. நாற்பத்தைந்து வயதில், தன் சொந்த வீட்டில், அந்த மனிதர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுப்படி வாசலில் நின்று, "கரண்டி எங்க கீது?" என்று கேட்டார்.

அக்கா வாயிலிருந்ததை நிதானமாக மென்று முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.